மிச்சம் 34 செஷன்: பெரம்பூரில் ஒரு பி.டி. பேக்கேஜ் ரத்துத் தகராறு

பாதியில் நின்றுபோன ஒரு பர்சனல் டிரெயினிங் பேக்கேஜ் (பி.டி., ஒருவருக்கென்று தனியாக ட்ரெய்னர் வைத்துச் செய்யும் பயிற்சி). ஜிம் போட்ட கணக்குப்படி அதை வாங்கிய பெண்ணுக்குத் திரும்ப வரவேண்டியது ரூ.1,500. அவர் கேட்டது ரூ.92,480. இரு தரப்பும் கையில் வைத்திருந்தது ஒரே ரசீது, ஒரே படிவம். இப்படிப்பட்ட தகராறில் "காசு திரும்ப வருமா, வராதா" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பர்சனல் டிரெயினிங் விவகாரத்தில் அதற்கு முன்னால் தீரவேண்டியவை இரண்டு: பயிற்சி யாரால் நின்றது, நடந்து முடிந்த செஷனுக்கு எந்த விலை. தொகையை முடிவு செய்வது இவைதான். இங்கே முதல் கேள்விக்கான பதிலை அந்த வாடிக்கையாளரே தனக்கு எதிராக ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எழுதிக் கொடுத்திருந்தார்.

நுகர்வோர் புகார் மனு எழுத எங்களிடம் உதவி கேட்டு வருபவர்களின் அடையாளம் தெரியக் கூடாது. அதனால் ஒரே மாதிரியான தகராறுகளின் விவரங்களைக் கோத்து ஒருவருடைய விவகாரமாக இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் அந்தக் கலப்பு இல்லை.

கையெழுத்து

வடசென்னைக்கு ஜிம் புதிதல்ல. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் தெருவுக்குள் இருக்கும் பழைய கூடங்களில் ஒரு மாஸ்டர் இருப்பார், ஒரு நோட்டு இருக்கும், மாதக் காசு கொடுத்தால் பேர் ஏறும். வரவில்லையென்றால் அடுத்த மாதம் காசு இல்லை, அவ்வளவுதான். ரத்து என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஏ.சி.யும் கைரேகை மிஷினும் வைத்த கிளை ஜிம்கள் பெரம்பூர், கொளத்தூர் பக்கம் வந்தபோது வருடச் சந்தா, பி.டி. பேக்கேஜ், கடன் கம்பெனி இ.எம்.ஐ. எல்லாம் கூடவே வந்தன.

இவருக்கு வயது முப்பதுக்கு மேல். பெரம்பூரில் வீடு, ஜார்ஜ் டவுனில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு வேலை. சிசேரியன் பிரசவம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. வயிற்றுத் தசை விலகி இன்னும் சேரவில்லை, கனம் தூக்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர் மேற்பார்வையில் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் அவருக்குக் கிடைக்கும் நேரம்.

ஜிம்மில் ஏற்கெனவே வருடச் சந்தா கட்டியிருந்தார். 2025 ஜூனில் மேனேஜர் உடல் கொழுப்பு அளக்கும் மிஷினில் இலவசமாக நிறுத்தி, சிவப்பில் வந்த எண்களையெல்லாம் காட்டி, பி.டி. எடுக்கச் சொன்னார். இவர் கேட்டது ஒன்றுதான்: காலை ஆறு மணிக்கு லேடி ட்ரெய்னர் இருப்பாரா? அன்று மாலையே மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: "மேடம், உங்களுக்கு மார்னிங் 6 லேடி ட்ரெய்னர்தான். போஸ்ட் டெலிவரி கேஸ் நிறைய பண்ணிருக்காங்க. ஆஃபர் இன்னைக்கு மட்டும்." இந்த மூன்று வரிதான் பிறகு முழு விவகாரத்தையும் தாங்கி நின்றது.

48 செஷன், 120 நாள் செல்லுபடி. விலை ரூ.36,000, அப்போதைய 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.6,480, மொத்தம் ரூ.42,480. கையிலிருந்து ரூ.10,480. மீதி ரூ.32,000 "நோ காஸ்ட்" இ.எம்.ஐ., மாதம் ரூ.4,000 வீதம் எட்டு மாதம். டேப்லெட்டில் விரலால் கையெழுத்து. படிவம் மின்னஞ்சலில் வந்தது, அவர் திறந்து பார்க்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கவுன்ட்டரில் ஆள் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கும் படிவத்தை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துதான் அது அப்படி எழுதப்படுகிறது.

படிவத்தில் வேலை செய்த வரிகள் நான்கு. கட்டிய தொகை திரும்பத் தரப்படாது. ட்ரெய்னரை நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்றலாம். 120 நாளுக்குள் முடிக்காத செஷன் காலாவதி. நிர்வாகம் சிறப்பு அனுமதியாக ரத்து கொடுத்தால், முடிந்த செஷன்களுக்குத் தனிச் செஷன் விலை ரூ.1,500 வீதமும், பேக்கேஜ் விலையில் 25 சதவீதம் நிர்வாகக் கட்டணமும் பிடிக்கப்படும்.

ட்ரெய்னர் போன பிறகு

பதினான்கு செஷன் நன்றாக நடந்தது. ஜூலைக் கடைசியில் அந்த ட்ரெய்னர் வேலையை விட்டார். போகும்போது இவருக்கு ஒரு செய்தி: "அக்கா, நாளையில இருந்து நான் இங்க இல்ல. கொளத்தூர்ல வேற ஜிம் சேர்ந்துட்டேன். நீங்க டெட்லிஃப்ட் மட்டும் இப்ப பண்ணாதீங்க."

ஜிம் மூன்று மாற்று சொன்னது. காலை ஆறுக்கு ஆண் ட்ரெய்னர். லேடி ட்ரெய்னரே வேண்டுமென்றால் மாலை ஏழரை. அதுவும் முடியாவிட்டால் அண்ணா நகர் கிளையில் காலை நேரம். வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான சலுகைதான். இவருடைய வாழ்க்கைக்குள் வைத்துப் பார்த்தால் மூன்றும் பயன்படாதவை. மாலை ஏழரைக்குக் குழந்தை இவரிடம்தான் இருக்கும். ஆறு மணிக்கு அண்ணா நகரில் நிற்க வேண்டுமானால் வீட்டிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். ஆண் ட்ரெய்னர் வயிற்றைத் தொட்டுத் தசை சரியாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டிய பயிற்சி அது. அதைத்தான் அவரால் மேனேஜரிடம் சொல்ல முடியவில்லை.

அதனால் சொன்ன காரணம் வேறு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேனேஜருக்கு எழுதினார்: "சார், ஆபீஸ் டைமிங் கொஞ்சம் மாறிடுச்சு. பி.டி. கன்டினியூ பண்ண முடியல. ரீஃபண்ட் கிடைக்குமா?"

நம்மூரில் இது மரியாதை. எதிராளியைக் குற்றம் சொல்லாமல் குறையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு ஒதுங்குவது. கல்யாண வீட்டுச் சாப்பாடு பிடிக்காதவர் "வயிறு சரியில்ல" என்பதைப் போல. ஆனால் ஒப்பந்தத் தகராறில் இந்த ஒரு வரி, சேவை தர முடியாமல் போனது ஜிம்மா, வாங்க முடியாமல் போனது வாடிக்கையாளரா என்ற கேள்விக்கு இரண்டாவது பதிலைத் தருகிறது.

மூன்று காரணங்களுக்கு மூன்று விளைவு. ஒப்புக்கொண்டதை ஜிம் தர முடியவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. மீதிப் பணத்தைக் கேட்பது உரிமை. வாடிக்கையாளரின் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்றால் நிலைமை நடுவில் நிற்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் பேச இடமுண்டு, ஜிம் மீது தவறு இல்லாததால் கொஞ்சம் பிடித்துக்கொள்வதும் அநியாயமில்லை. வெறுமனே மனம் மாறினாலோ நேரம் ஒத்துவராவிட்டாலோ கை பலவீனம். கையெழுத்துப் போட்ட பிறகு இத்தனை நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற பொது உரிமை ஜிம் ஒப்பந்தங்களுக்கு நம் சட்டத்தில் இல்லை. என்னிடம் வருபவர்களில் பலர் இந்த மூன்றையும் ஒரே மனுவில் கலந்து எழுதி வருகிறார்கள்: ட்ரெய்னர் சரியில்லை, முதுகு வலி, வேலை மாற்றம், ஏ.சி. ஓடவில்லை. நான்கு காரணம் சொன்னால் எதுவும் உண்மைக் காரணமாகத் தெரியாது.

1,500 ரூபாய் வந்த வழி

மேனேஜர் முதலில் மறுத்தார். பிறகு "ஸ்பெஷல் கேஸா மேல பேசி வாங்கித் தரேன் மேடம்" என்று சொல்லி ஒரு கணக்கு அனுப்பினார். முடிந்த செஷன் 17, ஒன்றுக்கு ரூ.1,500 வீதம் ரூ.25,500. நிர்வாகக் கட்டணம் 25 சதவீதம், ரூ.9,000. இரண்டும் சேர்ந்து ரூ.34,500. ரூ.36,000-இல் கழித்தால் மிச்சம் ரூ.1,500. ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போய்விட்டதால் திரும்ப வராது.

கணக்கு வேலை பார்க்கும் பெண்ணிடம் இந்தத் தாளைக் கொடுத்தது அவர்கள் செய்த பெரிய தப்பு. அதுவரை "விடு, போனா போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்த கணவரும் இதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டாராம்.

17 எப்படி வந்தது? பயிற்சி நடந்தது 14. ஜூலையில் ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அதிகாலையில் வரவில்லை என்று சொன்னது ஒன்று. 12 மணி நேரத்துக்கு முன் சொல்லாததால் அது போனதாகக் கணக்கு. மீதி இரண்டு, ட்ரெய்னர் போன பிறகு ஆண் ட்ரெய்னர் பெயரில் ஆப்பில் தானாகப் பதிவாகி, இவர் போகாததால் முடிந்ததாகக் குறிக்கப்பட்டவை. முதல் ஒன்றில் ஜிம் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க ட்ரெய்னரால் முடியாது. பின்னிரண்டு அப்படியல்ல.

அதைவிடப் பெரிய இடம் விலை. பேக்கேஜில் செஷன் ஒன்று ரூ.750. ரத்து என்றதும் அதே செஷன் ரூ.1,500 ஆகிறது. மொத்தமாக வாங்குபவருக்குக் கிடைத்த சலுகை, பாதியில் நின்றால் கிடையாது என்பது ஜிம்மின் வாதம். இதில் அரைவாசி உண்மை உண்டு: வாடிக்கையாளர் தானாக நிறுத்தினால் சலுகையைத் திரும்ப எடுப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நிறுத்தியது ஜிம் என்றால் அந்தத் தர்க்கம் விழுந்துவிடுகிறது. தவிர, அந்த ரூ.1,500 யாராவது உண்மையில் கொடுக்கும் விலையா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிளையின் விலைப் பலகையில் தனிச் செஷனுக்கு வரியே இல்லை. அது ரத்துக் கணக்குக்காக மட்டும் இருக்கும் விலை.

மேலே 25 சதவீதம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 இதைத் தொடுகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் அதை விரித்ததையும் சேர்த்துப் படித்தால், எழுதியிருக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. ஜிம் கணக்குப்படியே நடக்காத 31 செஷனுக்கு ட்ரெய்னர் பங்கு எதுவும் ஜிம் கொடுக்கவில்லை. அப்படியிருக்க ரூ.9,000 எந்த இழப்புக்கு?

ஜி.எஸ்.டி. பற்றிய பதில் தவறு. சேவை நடக்காமல் பணம் திரும்பினால், விற்றவர் அந்த அளவுக்குக் கிரெடிட் நோட் (ரசீதில் போட்ட தொகையைக் குறைக்கும் தாள்) போட்டுத் தன் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 34 வழி வைத்திருக்கிறது. நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை அதற்குக் காலம். இவருடைய 2025 ஜூன் ரசீதுக்கு 2026 நவம்பர் 30. செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்ததும் "இப்போ ரேட் மாறிடுச்சு, பழசைத் தொட முடியாது" என்று ஒரு புது காரணம் வந்தது. கிரெடிட் நோட் பழைய ரசீதைச் சார்ந்தது. பழைய 18 சதவீதத்திலேயே போட வேண்டியது.

வாடிக்கையாளர் பக்கக் கணக்கும் சுத்தமில்லை. கட்டிய ரூ.42,480 முழுதும் வேண்டும், மன உளைச்சலுக்கு ரூ.50,000 வேண்டும் என்று கோபத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நன்றாக நடந்த 14 செஷனுக்கும் காசு கேட்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் ரசிக்காது. அந்தக் கோரிக்கையைக் கைவிடச் சொன்னோம். வருடச் சந்தாவையும் தொட வேண்டாம் என்றோம். அது வேறு ஒப்பந்தம், அதில் ஜிம் எதையும் தவறவிடவில்லை. கேட்பது குறைந்ததும் கேட்பவரின் பேச்சுக்கு எடை கூடியது.

முதல் செய்தியை எப்படித் தாண்டினோம்

ஜிம் தரப்பு வாதம் இரண்டு. நேரம் மாறியது என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்து, போன ட்ரெய்னர் கொளத்தூருக்கு இழுக்கிறார், அதனால்தான் ரத்து. பிரியாவிடைச் செய்தியில் கொளத்தூர் என்ற பெயர் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டையும் முறித்தது ஜிம்மின் சொந்தக் கைரேகைப் பதிவு. செய்தி அனுப்பிய பிறகும் இவர் வருடச் சந்தாவில் தனியாக வந்து நடைமிஷினில் நடந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் முழுதும், பெரும்பாலும் காலை ஆறு மணியை ஒட்டி. அலுவலக நேரம் மாறியிருந்தால் அதே ஆறு மணிக்கு எப்படி வர முடியும்? வேறு ஜிம்முக்குப் போகிறவர் இங்கே ஏன் வருகிறார்? வருகை விவரம் அவருடைய ஆப்பிலேயே தேதியோடு இருந்தது. ஜிம் அந்த ஆப் கணக்கை முடக்குவதற்கு முன் அதைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

அதற்கு மேல் ஜூன் மாத மூன்று வரி. படிவத்தில் ட்ரெய்னரை மாற்றலாம் என்றிருக்கும்போது மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இங்கே சாதாரண ஒப்பந்த வழக்கைவிட அகலமாக நிற்கிறது. குறைபாடு என்பதற்கு அது தரும் வரையறை, ஒப்பந்தப்படியோ வேறு வகையிலோ செய்வதாக ஏற்றுக்கொண்ட சேவை என்று போகிறது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்பதில் வாய்மொழியாகவோ எழுத்திலோ மின்பதிவிலோ சொன்ன பொய்யான உறுதிகளும் அடங்கும். கையெழுத்து வாங்குவதற்காக மேனேஜர் அனுப்பிய உறுதி, படிவத்தின் பொதுவான ஒரு வரியால் மறைந்துவிடாது என்பது எங்கள் நிலை. நிர்வாகம் ட்ரெய்னரை மாற்றலாம்தான். ஒரு லேடி ட்ரெய்னருக்குப் பதில் இன்னொரு லேடி ட்ரெய்னரை, அதே நேரத்தில்.

செய்திகளைப் படம் எடுத்தால் போதாது, உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்; போனை மாற்றக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்பதிவுக்குச் சான்று இணைக்க வேண்டிவரும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களில் மாட்டிக்கொள்வதில்லை என்றாலும், சான்றோடு கொடுத்துவிடுவது நல்லது.

எங்கே போவது

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது உத்தரவு போடும் அமைப்பல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவது. தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது: பெரம்பூர் கிளை உரிமம் பெற்ற தனி நிறுவனம், எங்களுக்குச் சம்பந்தமில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தால் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் அதில் இல்லை, யாரோ ஒரு கூட்டு நிறுவனத்தின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும்தான். நோட்டீஸ் இரண்டு பேருக்கும் போனது. இதில் சோம்பல் பட்டு ஒருவரை விட்டால் வழக்கில் அந்த ஒருவர்தான் பொறுப்பு என்று மற்றவர் சொல்வார்.

ஆணையம் போக வேண்டிவந்தால் வட சென்னை மாவட்ட ஆணையம், பார்க் டவுனில் இருக்கிறது. கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், ரூ.5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை; காரணம் எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனு; வக்கீல் கட்டாயமில்லை; மனுதாரர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே போடலாம். படிவத்தின் அடியில், தகராறு வந்தால் வெளியூர் நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 2018 டிசம்பரில் எமார் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: நடுவர் வரி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது.

ஒரு நுணுக்கத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2019 சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் அதில் அப்படியே வருகிறது. படிவத்தின் அந்த வரியையே செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் ஆனால் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. எனவே மனுவில் "இந்த ஒப்பந்தம் நியாயமற்றது, ரத்து செய்யுங்கள்" என்று எழுதி மாவட்டத்தில் போட்டால் அது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் ஆயுதம். சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை, மீதிப் பணம் என்று எழுதினால் மாவட்டமே போதும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வரியை வைத்து வாடிக்கையாளரைக் கட்டுவதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 ஏப்ரலில் பயனியர் அர்பன் வழக்கில் வந்த தீர்ப்பு இதற்குத் துணை. அது வீடு கட்டி விற்பவர் வழக்கு. ஆனாலும் காரணம் பொருந்துகிறது.

இ.எம்.ஐ. என்ற தனிக் கதை

இதற்கிடையில் செப்டம்பர் தவணை வந்தது. "சர்வீஸே இல்ல, எதுக்குக் கட்டணும்" என்று அலுவலகத்தில் யாரோ சொல்ல, வங்கிக் கணக்கில் பணம் வைக்காமல் விட்டார். தவணை திரும்பியது. கடன் கம்பெனி பவுன்ஸ் கட்டணம் ரூ.590 போட்டது, வசூல் ஆள் தினமும் போன் செய்தார், வங்கியும் தன் பங்குக்குப் பிடித்தது.

ஜிம் ஒப்பந்தமும் கடன் ஒப்பந்தமும் வேறு வேறு. ஜூனிலேயே கடன் கம்பெனி ஜிம்முக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. இவர் கட்டுவது ஜிம் கட்டணமல்ல, கடன். ஜிம்முக்கு எதிராக எவ்வளவு நியாயம் இருந்தாலும் தவணை தவறினால், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் விழுவது இவர் பெயர். வட்டி இல்லாத இ.எம்.ஐ. என்ற பெயரே இந்தக் கடனைக் கடனாகத் தெரியவிடாமல் செய்கிறது. வட்டியை ஜிம் தன் பங்கில் விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. பணம் முழுதாக முன்னாலேயே ஜிம் கைக்கு வந்துவிடுவதால், பிறகு சேவை தர அதற்கு அவசரமும் இல்லை. மாதா மாதம் நேராக ஜிம்முக்குக் கட்டும் ஏற்பாடாக இருந்திருந்தால் இந்தத் தகராறு ஆகஸ்டிலேயே முடிந்திருக்கும்.

டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி குறைந்தது ஒரு நாள் விலகல் காலம் வைத்திருக்கிறது. அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கொடுத்துக் கடனிலிருந்து அபராதமில்லாமல் வெளியேறலாம். கடனுக்கு இருக்கும் அந்த வழி, கடன் வாங்கி எடுத்த பேக்கேஜுக்கு இல்லை. கடன் கம்பெனி பதில் தராவிட்டால் 30 நாளுக்குப் பின் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இங்கே அதற்குத் தேவை வரவில்லை. செப்டம்பர் தவணையை அபராதத்தோடு கட்டச் சொன்னோம். முணுமுணுத்தார், கட்டினார்.

முடிவு

நோட்டீஸ் போன பிறகு கிளை முதலாளி நேரில் பேசக் கூப்பிட்டார். பெரம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கடன் வாங்கித்தான் ஜிம் வைத்திருக்கிறார். அவர் பக்கமும் கேட்கத் தக்கது. பேக்கேஜ் விற்ற அன்றே மேனேஜருக்கும் ட்ரெய்னருக்கும் ஊக்கத்தொகை கொடுத்தாயிற்று. கடன் கம்பெனிக்கு வட்டிப் பங்கு போயாயிற்று. ட்ரெய்னரோ முன்னறிவிப்பு இல்லாமல் போனார். "ஒருத்தருக்குத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு ஜனவரி ஆளுங்க எல்லாம் க்யூல நிப்பாங்க சார்" என்றார். அந்த பயம் பொய்யில்லை. புத்தாண்டு வேகத்தில் பேக்கேஜ் எடுத்துப் பிப்ரவரியில் காணாமல் போகிறவர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் காட்டியது அந்த ஜூன் மாத மூன்று வரிதான். அதை அவருடைய மேனேஜர் அவரிடம் காட்டவே இல்லை. போனில் பார்த்ததும் பேச்சின் தொனி மாறியது.

நாங்கள் வைத்த கணக்கு: முடிந்தது 14, மீதி 34 செஷன், ரூ.750 வீதம் ரூ.25,500, வரி ரூ.4,590 சேர்த்து ரூ.30,090. காய்ச்சல் நாளை விட்டுக்கொடுத்தோம். முடிந்தது 15, மீதி 33, ரூ.24,750, வரி ரூ.4,455, மொத்தம் ரூ.29,205. அவர் ரூ.25,000 என்றார். ரூ.27,000-இல் நின்றது. ரூ.2,205 விட்டதில் இவருக்கு வருத்தம்தான். ஆணையத்துக்குப் போனால் சட்டம் சொல்லும் மூன்று மாதக் கெடு பெரும்பாலும் ஏட்டோடு நிற்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் விடுப்பு. விட்ட தொகையை அதோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

பணம் வந்த விதமும் எழுத்தில் வைக்கப்பட்டது. எட்டில் மூன்று தவணை கட்டியிருந்ததால் கடன் பாக்கி ரூ.20,000. அதை ஜிம்மே அடுத்த தவணைத் தேதிக்கு முன் கடன் கம்பெனிக்கு நேராகக் கட்ட வேண்டும், மீதி ரூ.7,000 இவர் கணக்குக்கு. முழுத் தொகையையும் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே கடனை முடித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையை ஏற்கவில்லை. வருடச் சந்தா தொடரும். சமரசத் தாளில், கூகுளில் எதுவும் எழுதக் கூடாது என்ற ஒரு வரியை ஜிம் சேர்த்திருந்தது. அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பவுன்ஸ் கட்டணம் ரூ.590 அவர் தலையிலேயே நின்றது, அதைக் கேட்க எங்களுக்கு முகமில்லை.

அக்டோபரில் கடன் முடிந்ததற்கான சான்று மின்னஞ்சலில் வந்தது. வங்கிக்குப் போய்த் தானாகப் பிடிக்கும் உத்தரவையும் ரத்து செய்தார். அதற்குப் பிறகுதான் 1915 புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்தார். அந்த ஜிம்மின் படிவத்தில் நான்கு வரியும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.